யவீசாவில் முடியும் சாலை

அலாஸ்காவின் வடகரையில், மரம் வளராத பனிநிலத்தில் தொடங்கும் பான் அமெரிக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் ஓடி, அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உசுவாயா நகரை அடைகிறது. மெக்சிகோவின் மேட்டுநிலமோ பெருவின் கடலோரப் பாலைவனமோ அதைத் தடுக்கவில்லை. தடுத்தது, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள டாரியன் காடுதான்.

பனாமாவின் யவீசா என்னும் சிற்றூரோடு சாலை முடிந்துவிடுகிறது. அப்பால் சுமார் 100 கிலோமீட்டருக்கு மலையும் மழைக்காடும்; கொலம்பியப் பகுதியில் அத்ராத்தோ ஆற்றின் பரந்த சதுப்புநிலம். வாகனங்களைக் கப்பலில் ஏற்றித்தான் இந்த இடைவெளியைக் கடக்க வேண்டும்.

நிலத்தின் கடுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. சாலை வந்தால் தென் அமெரிக்க மாடுகளின் கோமாரி நோய் வடக்கே பரவும், எம்பெரா, குனா பழங்குடியினரின் வாழ்விடம் சிதையும் என்ற அச்சமும் உண்டு.

சாலை இல்லையென்று மனிதர் நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடியேறிகள், பெரும்பாலும் வெனிசுவேலா நாட்டினர், இக்காட்டை நடந்தே கடந்து வடக்கே சென்றனர்.