மிலான் நகரத்து நீலப் பாம்பு

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஆல்ஃபா ரோமியோ காரின் சின்னத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பாதியில் சிவப்புச் சிலுவை. அது மிலான் நகரத்தின் அடையாளம். மறு பாதியில் கிரீடம் வைத்த ஒரு பாம்பு. அதன் வாயில், இடுப்புவரை வெளியே தெரிய, கைகளை விரித்தபடி ஒரு ஆள். கார் விற்கிறவர்களுக்கு இது எதற்கு?

அந்தப் பாம்பு மிலானை ஆண்ட விஸ்கோன்தி குடும்பத்துடையது. அவர்கள் கேடயத்தில் வெள்ளிக் களம், நீலப் பாம்பு, சிவப்பு ஆள். நிறங்கள் வெறும் அழகுக்கல்ல. கவசத்துக்குள் முகம் மறைந்த வீரனைத் தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும். அதனால்தான் பொன் அல்லது வெள்ளியின் மேல் அடர்நிறம் என்ற விதி.

சரி, ஆளை ஏன் விழுங்குகிறது? முதல் சிலுவைப் போரில் ஒத்தோனே விஸ்கோன்தி என்பவர் முஸ்லிம் வீரன் ஒருவனை வீழ்த்தி, அவன் சின்னத்தைத் தமதாக்கிக்கொண்டார் என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. எருசலேம் விழுந்தது 1099இல். ஐரோப்பாவில் குடும்பச் சின்னங்கள் வேரூன்றியதே 12ஆம் நூற்றாண்டின் நடுவில். இந்தப் பாம்புக்கொடியைப் பற்றி மிலான்காரரான போன்வேசின் தெ லா ரிவா எழுதியது 1288இல். அப்போது நகரம் யார் கையில்? இன்னொரு ஒத்தோனே விஸ்கோன்தியிடம். பேராயரான அவர் தேசியோ சண்டையில் எதிரிகளை வென்று 11 வருஷம்தான் ஆகியிருந்தது. புதிதாக நாற்காலியைப் பிடித்தவருக்கு, அதே பெயரில் ஒரு வீரப் பாட்டனார் கிடைத்தால் கசக்குமா?

போன்வேசின் சொல்லும் இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் கொடியை ஒரு மரத்தில் ஏற்றிய பிறகுதான் மிலான் படை கூடாரம் அடிக்குமாம். அப்படியானால் பாம்பு ஊருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. ஊரைப் பிடித்தவர்கள் அதையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

1447இல் விஸ்கோன்தி ஆண் வாரிசு அற்றுப்போனது. மூன்று வருஷத்தில் ஊரைக் கைப்பற்றிய மருமகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா பாம்பையும் எடுத்துக்கொண்டார். அவர் கோட்டையில் இருந்த அந்தப் பாம்பு, 1910இல் டிராமுக்குக் காத்திருந்த ரொமானோ கத்தானேயோ என்ற வரைவாளர் கண்ணில் பட்டு, கார் சின்னத்துக்குள் நுழைந்தது என்பார்கள்.

இப்போது கார்க்காரர்கள், பாம்பு ஆளை விழுங்கவில்லை, அவன் புதுப்பிறவி எடுத்து வெளியே வருகிறான் என்கிறார்கள். போன்வேசின் ‘விழுங்குகிறது’ என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்.