மீனவர் சங்கங்களின் ஐந்தொகை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இராமநாதபுரம் ஜில்லாவின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை அது. இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் அந்நாட்களில் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றுவார்கள், வர்ணம் பூசுவார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். கணக்கு வருஷமும் அதற்குச் சற்று முன்னரே, மார்ச் 31-ந் தேதியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே படகைப் பழுது பார்க்கும் அக்காலமே சங்கத்தையும் பழுது பார்ப்பதற்கு உகந்த காலம். படகின் அடிப்பலகையை ஓர் அங்குலம் விடாமல் தட்டிப் பார்க்கும் மீனவர், தாம் அங்கத்தினராயுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் ஐந்தொகையைப் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. இதையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

சட்டப்படி மீனவர் கூட்டுறவுச் சங்கம் யாருடையது? அது சர்க்காருடையதன்று, மீன்துறை அதிகாரியுடையதன்று, தலைவருடையதுமன்று. பங்குத் தொகை செலுத்திய அங்கத்தினர் அனைவருக்கும் அது சொந்தம். பத்துப் படகு உடையவருக்கும் ஒரு வத்தையில் கூலிக்குப் போகிறவருக்கும் அங்கே ஒரே வோட்டுத்தான். ஆனால் கடற்கரைக் கிராமம் ஒன்றில் போய், சங்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நிவாரணம் வாங்குவதற்கு என்றே பலரும் பதில் சொல்வார்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் அங்கத்தினர் 1,500 ரூபாய் சேமிக்கிறார். மத்திய சர்க்கார் 1,500 ரூபாயும் மாநில சர்க்கார் 1,500 ரூபாயும் சேர்க்கின்றன. மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பக் கிடைக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தம் சொந்தப் பணம் என்பதை மறந்து, முழுவதையும் தர்மமாக வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தம் பணத்தையே தானமாகக் கருதும் மனப்பான்மை வந்துவிட்டால், சங்கத்தின் வரவு செலவைப் பற்றிக் கேள்வி கேட்கும் எண்ணம் எங்கிருந்து வரும்?

கூட்டுறவு இயக்கத்தின் தாயகம் எனப்படும் ஊர் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ராச்டேல். 1844-ம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி, நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு, ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே முதல் நாள் சரக்கு. சரியான எடை, ரொக்க வியாபாரம், ஆளுக்கு ஒரு வோட்டு, அங்கத்தினர் முன் கணக்கு வைத்தல் ஆகிய விதிகள் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவின. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ல் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அந்த வழியில் வந்ததே.

அதே ராச்டேல் ஊரில் ஒரு பந்தாட்டக் கழகமும் உண்டு. 1871-ல் தோன்றிய ராச்டேல் ஹார்னெட்ஸ் என்னும் அக்கழகம் ஆடுவது ரக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் நின்று, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. நம் சடுகுடுவைப் போல், எதிரியைப் பிடித்து நிறுத்துவதே பாதி ஆட்டம். இந்த ஆட்டம் தனியாகப் பிறந்த கதையும் தொழிலாளர் கதைதான். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்த சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியையாவது கொடுக்கவேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. கனவான்கள் நடத்திய தலைமைச் சங்கம் மறுத்தது. 1895-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி ஹடர்ஸ்பீல்டு நகரில் 22 கழகங்கள் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கூலி ஈடு தரலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டன. பிரிந்தவற்றுள் ராச்டேல் கழகமும் ஒன்று.

நூற்றாண்டு கடந்தபின் அக்கழகம் பணமுடையில் சிக்கியது. அதன் பழைய மைதானம் 1980-களிலேயே விலைபோயிருந்தது. சென்ற தலைமுறைக்குள் நடந்தது என்னவென்றால், ஆதரவாளர்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து, சந்தா செலுத்தி, கழகத்தைத் தங்கள் உடைமையாக எடுத்துக்கொண்டு சில ஆண்டுகள் நடத்தினார்கள். 2016-ல் பிரான்சு தேசத்துத் தூலூஸ் அணியை அதன் சொந்த ஊரிலேயே 24-க்கு 22 என்று தோற்கடித்து மேற்படிக்கு உயர்ந்தது கழகம். 2019-ல் மறுபடியும் கீழ்ப்படிக்கு இறங்கியது. பெரும் பணக்காரர் கையிலுள்ள கழகங்களோடு சந்தாப் பணத்தில் ஓடும் கழகம் போட்டியிடுவது எளிதன்று.

கடற்கரைச் சங்கத்துக்கும் பந்தாட்டக் கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் இதுதான்: ஆட்டக் கழகத்துக்கு வருஷந்தோறும் இரண்டு கணக்குகள் உண்டு. வெற்றி தோல்விக் கணக்கு ஒன்று. பணக் கணக்கு மற்றொன்று. முதற்கணக்கை எழுதப் படிக்கத் தெரியாதவனும் அறிவான். அணி தோற்றால் அன்று மாலையே ஊர் முழுவதும் தெரிந்துவிடும். நிர்வாகிகள் ஒளிந்துகொள்ள இடமில்லை. மீனவர் சங்கத்துக்கு அந்த முதற்கணக்கு இல்லை. அது தோற்றுக்கொண்டிருப்பதை அறிவிக்கப் பலகையுமில்லை, ஊதலுமில்லை. ஐந்தொகை ஒன்றே அதன் ஆட்டக்கணக்கு. அதைப் படிக்காத அங்கத்தினர் தாம் தோற்றதையே அறியாமல் பத்து வருஷம் ஆடிக்கொண்டிருக்கக் கூடும்.

வெற்றியும் பணமும் வேறு வேறு வழியில் போகும் என்பதை இந்தச் சீமை நன்றாக அறியும். 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் தலைவராயிருந்தவர் இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தைச் சார்ந்த, பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு 25 ரூபாய், பங்குகள் 40,000. 1907-ல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. ஜனங்கள் ஆவலோடு ஏறினார்கள். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. தேசபக்தி கப்பலை நிரப்பியது. ஆனால் கட்டணப் போட்டியில் ஏற்பட்ட நஷ்டத்தைத் தாங்கும் நிதி கம்பெனியிடம் இல்லை. 1908 மார்ச்சில் பிள்ளை சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறை அதைக் கொன்றது என்று சொல்வது நியாயம். நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கும் சேமநிதி இல்லாத எந்த ஸ்தாபனமும் அடக்குமுறைக்கு எளிதில் பலியாகும் என்பதும் உண்மை.

இன்று இராமேசுவரக் கரையில் அந்தப் போட்டி வேறு உருவத்தில் நடக்கிறது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குப் போகின்றன. டீசல், ஐஸ், வலை, கூலி எல்லாவற்றுக்கும் பணம் முன்கூட்டியே வேண்டும். அந்த முன்பணத்தைக் கொடுப்பவர் வியாபாரி. கொடுத்தவரிடமே மீனைப் போடவேண்டும். விலையையும் அவரே சொல்வார். தடைக்காலம் முடிந்து இறால் வந்து குவியும்போது விலை சரிகிறதென்று விசைப்படகினர் வேலைநிறுத்தம் செய்ததும் உண்டு. இவற்றோடு எல்லைக் கடலில் இலங்கைக் கடற்படையின் கைதுகள் வேறு. பிடிபட்ட படகு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை; அதன்மேல் வாங்கிய கடன் மட்டும் தவறாமல் வீடு தேடி வருகிறது. இந்நிலையில் சங்கம் என்ன செய்கிறது? மனுக்களை வாங்கி அனுப்புகிறது. நிவாரணப் பட்டியல் எழுதுகிறது. அவையும் வேண்டிய வேலைகளே. ஆனால் மீனை விற்றுத் தராத மீனவர் சங்கம், ஆடுகளத்தில் இறங்காத ஆட்டக் கழகத்தைப் போன்றதுதான்.

விற்றுத் தர முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். தெற்கே கன்னியாகுமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே கிராமந்தோறும் எழுந்த மீனவர் சங்கங்கள் 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. அவற்றின் முறை எளியது. கரையில் ஏலம் போடும் உரிமையை வியாபாரியிடமிருந்து சங்கம் எடுத்துக்கொண்டது. அங்கத்தினர் தம் மீனைச் சங்கத்தின் ஏலத்திலேயே விற்கவேண்டும். விற்ற தொகையில் ஒரு சிறு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு அவர் பெயரில் சேமிப்புக்கும், ஒரு பங்கு சங்கச் செலவுக்கும் பிடித்துக்கொள்ளப்படும். மீன்பட்ட நாளில் அதிகமாகவும் படாத நாளில் குறைவாகவும் கடன் கழிகிறது. வெறுங்கையோடு கரை சேர்ந்த நாளில் யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. இந்த ஏற்பாட்டில் கணக்கு என்பது அலுவலகப் பெட்டியில் கிடக்கும் பொருளன்று. ஒவ்வொரு ஏலத்திலும் அங்கத்தினர் கண்முன் எழுதப்படுவது.

சென்னை மாகாணத்தில் இதற்கு வித்திட்டவர் ஓர் ஆங்கில அதிகாரி என்பதைச் சொல்வதில் நமக்கு வெட்கமில்லை. விவசாயிகளின் கடன் துன்பத்தை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதியவர் பிரெடெரிக் நிகல்சன். ஜெர்மனியின் ராய்பைசன் சங்கங்களைப் போன்றவை இங்கும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பிறகு இம்மாகாணத்தின் மீன்துறையைத் தோற்றுவித்தவரும் அவரே. நிலத்துக்குச் சொன்ன மருந்து கடலுக்கும் பொருந்தும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்ய இவ்வளவு காலமா?

இனி நிர்வாக விஷயம். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. 2018-ல் வந்தவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-ல் முடிந்தபோது உடனே புதிய தேர்தல் வரவில்லை. நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிற்று. இதற்கு முன்னும் இவ்வாறு நடந்ததுண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் இவ்விஷயத்தில் பெரிய வேற்றுமையை நாம் காணவில்லை. அரசியல் சட்டத்தின் 97-வது திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. அத்திருத்தத்தின் பெரும்பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதே காரணம். மாநில உரிமை காப்பாற்றப்பட்டதில் நமக்குத் திருப்தியே. ஆனால் டெல்லியிடமிருந்து மீட்ட உரிமையைக் கிராமத்துச் சங்கத்துக்குத் தராமல் கோட்டையிலேயே பூட்டி வைத்துக்கொள்வது என்ன நியாயம்? சங்கங்களின் சுயேச்சையையும் ஜனநாயக நிர்வாகத்தையும் வளர்க்க சர்க்கார் முயலவேண்டும் என்னும் 43-பி பிரிவு அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது.

தேர்தல் வைத்தால் கட்சிக்காரர்கள் புகுந்துவிடுவார்கள். மீனவருக்கு நிர்வாகம் தெரியாது. ஆகவே அதிகாரி இருப்பதே மேல் என்று வாதிப்பவர் உண்டு. சுயராஜ்யம் கேட்ட நாளில் நம்மிடம் வெள்ளையர் சொன்ன வாதம் இது. சொல்பவர் மாறியதால் வாதம் செல்லுபடியாகிவிடாது. தெரியுமா, தெரியாதா என்பதற்குப் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களே சாட்சி. இக்கரையில் கடலில் மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுத்துப் பிழைக்கும் அவர்கள், பாசி வளர இடைவெளி வேண்டுமென்று தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்களே எடுப்பது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்களில் முன்னின்ற லட்சுமி என்னும் பெண்மணிக்கு 2015-ல் சீகாலஜி என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 10,000 டாலர் பரிசு வழங்கியது. தங்கள் வருமானத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டு முதலைக் காப்பாற்றியவர்களுக்கா ஐந்தொகை புரியாது?

கட்சிக்காரர் புகுவார்கள் என்ற அச்சம் முற்றும் பொய்யன்று. அதற்கு மருந்து தேர்தலை ஒத்திவைப்பதன்று. கணக்கை வெளியில் வைப்பதே. வருஷத்துக்கு ஒருமுறை, தடைக்காலம் முடிவதற்குள், ஒவ்வொரு சங்கத்தின் கணக்கும் தணிக்கையாளர் குறிப்போடு ஏலக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில், தமிழில், ஒட்டப்படவேண்டும். பங்குத் தொகை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, வராத கடன் எவ்வளவு, அது யார் காலத்தில் கொடுக்கப்பட்டது, சங்கத்தின் வழியாக விற்ற மீன் எவ்வளவு என்ற ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கவேண்டும். கடைசிக் கேள்விக்கு எதிரே பூஜ்யம் நின்றால் அதையும் அப்படியே எழுதவேண்டும். பொதுக்கூட்டத்தைப் படகுகள் கடலில் இருக்கும் நாளில் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று எழுதி முடிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அது நிற்கவேண்டும். எழுத்தறியாத அங்கத்தினருக்காக, கிராமத்துப் பள்ளி ஆசிரியரோ கல்லூரியில் படிக்கும் மீனவப் பிள்ளையோ கணக்கை உரக்கப் படித்துக் காட்டலாம். கேள்வி கேட்பவரை உட்காரச் சொல்லாமல், அவர் கேள்வியையும் அதற்குத் தந்த பதிலையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஏதேனும் ஒரு சங்கம் அடுத்த தடைக்காலத்தில் இதைச் செய்தால் போதும். அதன் கணக்கை இப்பத்தியிலேயே வரி விடாமல் பிரசுரிக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.