பெருநாள் இறைச்சிக்குப் பெருவிலை அடுப்பா?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் மாலையில் முற்றத்தில் இறைச்சி சுடுவது இன்று எமது வீடுகள் பலவற்றில் வழக்கமாகி வருகிறது. முன்பு இதற்கு நாலு செங்கல்லும் ஒரு கம்பி வலையும் சிரட்டைக் கரியும் போதுமாயிருந்தன. இப்போது மூடியும் சக்கரமும் பளபளப்பும் கொண்ட காஸ் கிரில் அடுப்புகள் வந்துவிட்டன. கட்டாரிலோ துபாயிலோ உழைக்கும் கணவர், "நல்ல விலையில் பெரிதாக ஒன்று எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்கக்கூடும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "சரி" என்று சொல்லுமுன் சற்று நிதானமாகக் கணக்குப் பார்ப்போமா, சகோதரியே?

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், 1952ஆம் ஆண்டில் கடல் மிதவை ஒன்றை இரண்டாகப் பிளந்து மூடியுள்ள கரியடுப்பைச் செய்தார். அதே நிறுவனம் 1985இல் ஜெனிசிஸ் என்ற காஸ் கிரில்லை விற்பனைக்கு விட்டது. கோடைகாலம் முழுவதும் வீட்டின் பின்புறத் தோட்டத்தில், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் சமைக்கும் குடும்பங்களை நம்பி வளர்ந்த வியாபாரம் அது. அப்படிப் பாவிப்போருக்கு அதன் விலை நியாயமாக இருக்கலாம். எமது பாவனை எப்படி?

ஓர் அடுப்பின் விலை 3 இலட்சம் ரூபா, அது 10 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 4 தடவை பாவித்தால் மொத்தம் 40 தடவை. ஒரு தடவைக்கு 7,500 ரூபா விழுகிறது. இறைச்சியும் காஸும் இதில் சேரவில்லை. வாரம் ஒரு முறை பாவிக்கும் வீட்டில் அதே அடுப்பு 520 தடவை உழைக்கும். அங்கே ஒரு தடவைக்கு 600 ரூபாகூட வராது. ஆகவே விலை கூடியதா, குறைந்ததா என்பதைக் கடையின் விலைச்சீட்டு மட்டும் சொல்லாது. உங்கள் வீட்டின் பழக்கமும் சேர்ந்துதான் அதைச் சொல்லும்.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது? தரமான அடுப்பில் உலோகம் தடிப்பானது. மூடியைத் திறந்து மூடினாலும் சூடு சட்டென்று இறங்காது. ஒரு மூலை கருகி மறு மூலை வேகாமல் கிடக்கும் தொல்லையும் குறைவு. துருப்பிடிக்காத உருக்கிலும் வகைகள் உண்டு. 304 என்ற வகையில் நிக்கல் கலந்திருப்பதால் அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும். 430 என்ற மலிவான வகை உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் இருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். 430இல் அது இறுக ஒட்டும். 304இன் தட்டையான பகுதியில் பெரும்பாலும் ஒட்டாது. வெளி மூடியோடு நின்றுவிடாமல் உள்ளேயுள்ள பர்னர் குழாயையும் பாருங்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான்.

பணத்தால் கிடைக்காததும் ஒன்று உண்டு. காஸ் சுவாலையில் புகை மணம் இல்லை. இறைச்சிக் கொழுப்பு சூடான தகட்டில் சொட்டிக் கருகும்போது எழும் புகைதான் காஸ் கிரில்லின் மணம். சிரட்டைக் கரியின் வாசத்தை விரும்பும் நாக்குக்கு இலட்சம் கொடுத்து வாங்கும் காஸ் அடுப்பு ஏமாற்றமாகவே இருக்கும்.

காஸ் செலவையும் மறக்க வேண்டாம். மணித்தியாலத்துக்கு 30,000 பி.டி.யூ. என்று எழுதப்பட்ட அடுப்பை முழு வேகத்தில் எரித்தால், 12.5 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 19 மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். 2022இல் காஸுக்காக வீதியில் வரிசையாக நின்றதையும், அவ்வருடம் ஏப்ரலில் ஒரு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியதையும் எந்த இல்லத்தரசிதான் மறப்பார்?

வெளிநாட்டிலிருந்து வருவதானால் இன்னொரு சிக்கல். இயற்கை வாயுவுக்கெனச் செய்யப்பட்ட அடுப்புகளும் உண்டு. அவற்றின் ஜெட் துவாரம் பெரியது. எமது சிலிண்டர் காஸை அப்படியே இணைத்தால் சுவாலை அளவுமீறிச் சீறும். ரெகுலேட்டரும் இங்குள்ள சிலிண்டரின் வாய்க்குப் பொருந்த வேண்டும். பர்னர் பழுதானால் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா, அங்கே கொடுத்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டறியுங்கள்.

அப்படியானால் யார் வாங்கலாம்? வாரந்தோறும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடும் பெரிய குடும்பம் வாங்கலாம். வீட்டிலிருந்தே சுட்ட கோழி விற்று வருமானம் தேடும் சகோதரியும் வாங்கலாம். அவருக்கு அது தொழில் கருவி. வருடத்தில் நாலு நாள் சுடும் வீட்டுக்குச் சிறிய கரியடுப்பே தாராளம். அயல் வீட்டு முற்றத்தில் ஒன்று நிற்கிறதே என்பதற்காக வாங்குவதும், வட்டி சேர்ந்த தவணைக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். பாலைவன வெயிலில் உழைத்த காசு வருடம் முழுவதும் உறை போர்த்திக் கிடக்கும் பண்டமாக மாறினால், அதுவல்லவா வீண் விரயம்?

எதை வாங்கினாலும் பாதுகாப்பில் அலட்சியம் கூடாது. காஸ் கிரில்லைக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். ஹோஸ் இணைப்பில் சவர்க்கார நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கசியும் காஸ் காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு படிந்து நிற்கும். கரியடுப்பை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் எடுப்பது அதைவிட ஆபத்து. மணமில்லாத நச்சுவாயு உயிரையே பறித்துவிடும்.

கடைசியாக ஓர் யோசனை. இந்த வருடம் ஒரு கொப்பியில் எத்தனை நாள் இறைச்சி சுட்டீர்கள் என்று குறித்து வாருங்கள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளன்று அந்தக் கணக்கைக் கணவருடன் சேர்ந்து பாருங்கள். வாங்குவதா விடுவதா என்பது அப்போது உங்கள் இருவருக்குமே தெளிவாகிவிடும்.