காட்டின் அடர்த்தியை எப்படி அளக்கிறார்கள்?

முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை 1988இல் இந்திய அறிவியல் கழகத்தினர் ஆய்வுக்காக ஒதுக்கி, 1 செ.மீ. தடிமன் முதல் எல்லா மரங்களையும் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கை ஏறக்குறைய 26 ஆயிரம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே பரப்பில், அதே முறையில் எண்ணியபோது 2 லட்சத்தைத் தாண்டியது. அப்படியானால் அந்தக் காடு எட்டு மடங்கு அடர்த்தியா? இல்லை. அங்கே விரல் தடிமன் கன்றுகள் ஏராளம். முதுமலையில் அடிக்கடி பரவும் தீ அவற்றை விட்டுவைப்பதில்லை.

அதனால்தான் வனத்துறையினர் தலைகளை எண்ணுவதோடு நிற்காமல் அடிமரத்தையும் அளக்கிறார்கள். இந்தியாவில் தரையிலிருந்து 1.37 மீட்டர், பல நாடுகளில் 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றுவது வழக்கம். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே அளக்க வேண்டும். சுற்றளவிலிருந்து, அந்த உயரத்தில் மரத்தை வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பைக் கணக்கிடலாம். ஒரு ஹெக்டேரில் உள்ள எல்லா வட்டங்களின் கூட்டுத்தொகையே அடிப்பரப்பு. 10 செ.மீ. விட்டமுள்ள 1,000 மரங்கள் சேர்ந்தாலும் 8 சதுர மீட்டருக்குள்தான். 60 செ.மீ. விட்டமுள்ள 100 மரங்களோ 28 சதுர மீட்டர்.

ஒவ்வொரு மரத்தையும் அளக்க நேரமில்லையா? ஆஸ்திரிய வனவியலாளர் வால்டர் பிட்டர்லிஹ் 1948இல் ஒரு குறுக்குவழியை வெளியிட்டார். ஒரு மீட்டர் குச்சியின் நுனியில் 2 செ.மீ. அகலத் தகடு, மறுமுனை கண்ணருகே. நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மார்பு உயரத்தில் தகட்டைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ண வேண்டும். 14 மரங்கள் என்றால், ஹெக்டேருக்கு 14 சதுர மீட்டர்!

இதில் மாயமில்லை. விட்டத்தைப்போல் 50 மடங்கு தூரத்துக்குள் இருக்கும் மரமே கணக்கில் சேரும். 30 செ.மீ. மரத்துக்கு எல்லை 15 மீட்டர். அந்த எல்லை வட்டம் அடிமர வட்டத்தைப்போல் 10,000 மடங்கு. ஹெக்டேர் என்பதும் 10,000 சதுர மீட்டர். ஆகவே சிறிதோ பெரிதோ, கணக்கில் வரும் ஒவ்வொரு மரமும் ஹெக்டேருக்கு ஒரு சதுர மீட்டரைக் குறிக்கும். ஐயத்துக்குரிய மரத்தின் தூரத்தை நாடா வைத்துத் தீர்மானிப்பார்கள். பல இடங்களில் நின்று எண்ணிச் சராசரி எடுப்பார்கள்.

அடிப்பரப்பு மட்டுமே போதாது. சில பெருமரங்களும் பல சிறுமரங்களும் ஒரே எண்ணைத் தரலாம். மரங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், தோட்டத்தில் மரங்களைக் கலைத்துவிட வேண்டுமா, காட்டில் இளங்கன்றுகள் வளர்கின்றனவா என்று முடிவெடுக்க முடியும்.