குளிர் தராத கார்

தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் பெருவழியில், கார்த்திகை பிறந்துவிட்டால் வண்டிகளுக்கு ஓய்வென்பதே இல்லை. சபரிமலை செல்லும் அன்பர்கள் பற்பல ஊர்களிலிருந்தும் வந்து இவ்வழியே குமுளி ஏறுகின்றனர். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் அந்த இரண்டு மாத வருவாயைப் பெரிதும் நம்பியிருப்பவர்கள். அவர்களுள் ஒருவர் என் நண்பர். சில ஆண்டுகளுக்கு முன், பருவம் தொடங்கும் வேளையில் அவருடைய காரில் குளிர்சாதனம் நின்றுபோயிற்று. பட்டறையொன்றில் காட்டினார். 'கம்ப்ரஸர் போய்விட்டது' என்றனர். கடன் வாங்கிப் புதியது பொருத்தினார். மூன்றே வாரத்தில், லோயர் கேம்ப்புக்கு மேல் மலைப்பாதையில், அந்தப் புதியதும் இறுகி நின்றது. அது ஏன் நின்றது என்பதை விளங்கிக்கொள்ள, கருவியின் இயல்பை முதலில் சிறிது அறிதல் வேண்டும்.

மண்பானையில் நீர் குளிர்வதை நாம் அறிவோம். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காரிலும் நிகழ்வது இதுவே. ஆனால் இங்கே நீருக்குப் பதிலாக, உறைநிலைக்கு 26 பாகை கீழேயே கொதித்துவிடும் 134ஏ என்னும் திரவம் உள்ளது. பானையிலிருந்து போன ஆவி போனதுதான். காரிலோ அந்த ஆவியைத் திரும்பப் பிடித்து, நெருக்கி, மீண்டும் திரவமாக்கியாக வேண்டும். நெருக்கும் வேலை கம்ப்ரஸர் என்னும் அமுக்கியினுடையது. நெருக்குண்டு சூடேறிய வாயு, வண்டியின் முகப்பிலுள்ள கண்டன்ஸரில் காற்றுப்பட்டுத் திரவமாகிறது. பின்னர் டிரையர் என்னும் ஈரமுறிஞ்சியைக் கடந்து, விரிவு வால்வின் நுண்துளை வழியே பாய்ந்து, உள்ளே ஆவியாகி, நமக்குக் குளிர்ச்சி தருகிறது.

அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனியார் 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் இச்சாதனத்தைப் பொருத்தித் தந்தபோது, அமுக்கியை நிறுத்த விசையேதும் இல்லை. வேண்டாத காலத்தில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டியிருந்தது! இன்று பெரும்பாலான வண்டிகளில் மின்காந்த கிளட்ச் ஒன்று அமுக்கியைச் சேர்ப்பதும் விடுவிப்பதுமாக இருக்கிறது. கிளட்ச் இல்லாமலே தன் அளவை மாற்றிக்கொள்ளும் அமுக்கிகளும் வந்துள்ளன.

குளிர் குறைந்தவுடன் அமுக்கியைக் குறை கூறுவது பெருந்தவறு. ஆனி, ஆடி மாதங்களில் இப்பள்ளத்தாக்கில் வீசும் காற்றும் அது வாரிவரும் புழுதியும் யாவரும் அறிந்தவை. அறுவடைக் காலத்தில் சாலையில் பறக்கும் வைக்கோல் தூசியும் பூச்சிகளும் கண்டன்ஸரின் மெல்லிய இடுக்குகளில் அடைந்துவிடும். அதற்கு மருந்து குழாய்த் தண்ணீர்தான். அதையும் மெல்லப் பாய்ச்சினால் போதும். மலையேற்றத்தில் மட்டும் குளிர் விட்டுவிட்டு வருமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதும், எஞ்சின் மிகுதியாகச் சூடேறும்போதும், சக்தியை மிச்சப்படுத்த வண்டியே அமுக்கியை விடுவித்துவிடுவதுண்டு. போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் இதைக் கண்டு மனம் கலங்கி, நல்ல அமுக்கியை மாற்றியவர்களும் உளர்.

இவையெல்லாம் சரியெனில், எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்விசையைப் போடுக. தோளில் துண்டு இருந்தால் எடுத்துவிட்டுக் குனிக. சுழலும் பெல்ட் அதனைப் பற்றினால் கழுத்துக்கே ஆபத்து. 'டக்' என்ற ஒலியுடன் உருளையின் முன்தட்டு சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லையேல் பியூஸ், ரிலே, கிளட்ச்சின் மின்சுருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாயு மிகக் குறைந்திருந்தாலும் அழுத்த விசை கிளட்ச்சைச் சேரவிடாது. இனி, ஓசையைக் கேளுங்கள். குளிர்விசையை அணைத்தபோதும் இரைச்சல் இருந்தால் பெரும்பாலும் உருளையின் பேரிங் தேய்ந்திருக்கும்; பல வண்டிகளில் அதை மட்டுமே மாற்றலாம். விசை போட்டபோது மட்டும் கரகரப்பு எழுந்தால் நோய் அமுக்கியின் உள்ளே என்று ஐயுறலாம்.

ஐயத்தைத் தீர்ப்பது அழுத்தமானி. வண்டி நெடுநேரம் நின்றிருக்கையில் இரு பக்கமும் ஒரே அளவு காட்டும். 30 பாகை வெயிலில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 பவுண்டு. ஓடும்போது தாழ்பக்கம் 30 முதல் 40 வரை இறங்கி, உயர்பக்கம் 150-க்கு மேல் 250 வரை ஏறுவது வழக்கம். இரண்டுமே தாழ்ந்திருப்பின் வாயு கசிந்துள்ளது என்று பொருள். இரண்டும் உயர்ந்திருப்பின் கண்டன்ஸரையோ விசிறியையோ மிகையாக ஏற்றிய வாயுவையோ ஐயுறுக. தாழ வேண்டியது தாழாமலும் உயர வேண்டியது உயராமலும் இரு முட்களும் நெருங்கி நின்றால், அப்போதுதான் அமுக்கி தேய்ந்தது என்னும் தீர்ப்புக்கு வரலாம்.

மாற்றுவதிலும் முறையுண்டு. முதலில் உள்ளிருக்கும் வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். காற்றில் திறந்துவிடுவோர் பலர். ஒரு கிலோ 134ஏ, ஆயிரத்து நானூறு கிலோ கரியமிலவாயு செய்யும் தீங்கை வானுக்குச் செய்கிறது. கைமேல் பட்டாலோ தோல் உறைந்து புண்ணாகும். குழாய்களைக் கழற்றியவுடன் வாய்களை அடைத்துவிடுக. உள்ளிருக்கும் எண்ணெய் காற்றின் ஈரத்தை வெகு விரைவில் உறிஞ்சும். பழைய அமுக்கியிலிருந்து வடித்த எண்ணெயை அளந்து பார்த்து, புதியதில் அதற்கேற்ற அளவே வைக்க வேண்டும். ஓ-ரிங்குகளும் டிரையரும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். பெல்ட் மாட்டுமுன் அமுக்கியின் தண்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுக. தேங்கிய எண்ணெயை அடித்து வால்வு உடையாதிருக்க இது உதவும். பிறகு வெற்றிட பம்ப்பை அரைமணிக்குக் குறையாமல் ஓட்டி, நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் ஏறினால் கசிவு உண்டு. ஏறாவிட்டால், எஞ்சின் மூடியின் கீழுள்ள சீட்டில் கண்ட எடைப்படி, தராசில் வைத்தே வாயு ஏற்றுக. சிறு கார்களுக்கு அரைக்கிலோவுக்கும் குறைவே போதும். புதிய வண்டிகள் சிலவற்றில் 1234ஒய்எஃப் என்னும் வேறு வாயு உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. மலிவென்று விற்கும் கலப்பட உருளைகளில் தீப்பற்றும் வாயு இருத்தலும் கூடும்.

நண்பரின் காருக்கு வருவோம். இரண்டாவது அமுக்கியின் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தபோது, சாம்பல் நிறத்தில் உலோகப் பொடி மின்னியது. அமுக்கிக்கு எண்ணெயைச் சுமந்து வருவது வாயுவே. கண்டன்ஸரின் மூலையில் கல்பட்டு ஏற்பட்ட நுண்ணிய கசிவால் வாயு குறைய, எண்ணெயும் குறைந்து, முதல் அமுக்கி தன்னைத்தானே அரைத்துக்கொண்டது. அரைத்த பொடி குழாயெங்கும் பரவியது. கசிவை அடைக்காமல், குழாய்களைக் கழுவாமல், டிரையரையும் மாற்றாமல் புதியதைப் பொருத்தினர். அது பழைய பொடியைத் தின்றது; எண்ணெய்ப் பஞ்சமும் தொடர்ந்தது.

மூன்றாவது முறை குழாய்களைக் கழுவி, டிரையரையும் விரிவு வால்வையும் மாற்றினோம். இக்காலக் கண்டன்ஸரின் நூல்போன்ற துளைகளைக் கழுவித் தூய்மை செய்ய இயலாது. ஆகையால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. முதலிலேயே இவ்வாறு செய்திருந்தால் ஒரு அமுக்கியின் விலை மிஞ்சியிருக்கும். மார்கழி பாதி கழிந்த பின்னரே வண்டி மீண்டும் குமுளி ஏறியது. அந்தப் பருவத்தில் அவர் கண்ட வருவாய், வாங்கிய கடனின் வட்டிக்குப் போயிற்று. இப்பொழுது குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் குளிர்விசையைப் போட்டு ஓட்டுகிறார். எண்ணெய் சுற்றிவந்தால்தான் தண்டின் ஸீல் காயாதிருக்கும். மாதம் ஒருமுறை குழாய் மூட்டுக்களில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்.