மூணாம் நாள் வரை காத்திருக்காதீங்க!

சாத்தூருக்குக் கிழக்கே கரிசக்காடு எங்களுக்கு. மழை பொய்த்தால் ஊரில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போயிருவாங்க. சில வருசத்துக்கு முன்னால, பக்கத்து வீட்டு மதினி சண்டையில் எலி பேஸ்டைத் தின்னுட்டாங்க. மக்காச்சோளத்தை எலி கடிக்குதேன்னு நான் வாங்கி, மிச்சத்தை அவங்க வீட்டுக்குக் கொடுத்தது அது.

வாந்தி எடுத்தாங்க. மறுநாள் எழுந்து கோலம் போட்டாங்க. 'எல்லாம் வெளியே வந்துருச்சு'ன்னு வீட்டில் நிம்மதி. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸாகும், மகளுக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம், சனிக்கிழமை சம்பளம் வரட்டும்... ஆளுக்கொரு காரணம். நானும் தலையாட்டினேன். மூணாம் நாள் கண் மஞ்சளாச்சு. ஆஸ்பத்திரியிலும் 'மஞ்சக்காமாலை'ன்னுதான் சொன்னோம். உண்மையைச் சொன்னபோது ஈரல் கெட்டுப்போயிருந்தது. மதினி திரும்பி வரலை.

அந்தப் பேஸ்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். முதல் ஓரிரு நாள் ஆள் தெளிவாக இருப்பார். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் சேர்ப்பதுதான் வழி. தொழிலாளர்களின் தாடை எலும்பை அழித்ததால், இதே பாஸ்பரஸில் தீப்பெட்டி செய்வதை 1913லேயே சட்டம் தடுத்தது. தீக்குச்சியில் வேண்டாமென்றதை நாம் அடுப்படியில் வைத்திருந்தோம்.

போலீஸ் பயம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் தகவல் எழுதுவாங்க, அது நடைமுறை. முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரை மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்.

பூச்சிமருந்தோ எலிமருந்தோ, உப்புக்கரைசல், சாணிக்கரைசல், பால், எண்ணெய் எதுவும் புகட்டாதீங்க. உடனே 108ஐக் கூப்பிடுங்க. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்க. எதை, எப்போது சாப்பிட்டார் என்பதை மறைக்காதீங்க. மனசு கனத்தால் 104க்குப் பேசலாம்.

2023இல் மோனோகுரோட்டோபாஸ் உட்பட 6 பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழ்நாடு அரசு போட்ட தடை 60 நாள்தான். நம்ம வீட்டுத் தடைக்குக் கெடு எதற்கு? இப்போ என் காட்டில் தஞ்சாவூர் கிட்டியும், ஆந்தை உட்கார நட்ட கம்புகளும்தான். எலி கொஞ்சம் தின்னத்தான் செய்யுது. தின்னுட்டுப் போகட்டும்.