முழங்கும் கிளி

ஆபத்து நெருங்கினால் காகபோ ஓடாது, கத்தாது. இருந்த இடத்தில் அப்படியே அசையாமல் நின்றுவிடும். நியூசிலாந்துக் காடுகளில் நெடுங்காலம் இந்த உத்தி நன்றாகவே பலித்தது.

உலகில் பறக்க முடியாத கிளி இது ஒன்றுதான். கிளிகளிலேயே எடை மிகுந்ததும் இதுதான். நன்கு வளர்ந்த ஆண் 4 கிலோவரை இருக்கும். பகலெல்லாம் மறைவாகத் தூங்கிவிட்டு, இருட்டியதும் இலை, தண்டு, வேர், பழம் என்று மேயக் கிளம்பும். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். சிறகுகள், உயரத்திலிருந்து குதிக்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும்.

மனிதர் வருவதற்கு முன் அந்தக் காடுகளில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி கிடையாது. எதிரி என்றால் கழுகு போன்ற பறவைகள்தான். கண்ணால் தேடும் எதிரியை ஏமாற்ற, பாசி நிற இறகும் ஆடாத உடம்பும் போதும். 13-ஆம் நூற்றாண்டில் மனிதரோடு நாயும் எலியும் வந்திறங்கின. பிறகு ஐரோப்பியர் பூனையைக் கொண்டுவந்தார்கள். பெருகிப்போன முயல்களை ஒழிக்கிறேன் என்று, கீரி போல் மெலிந்த ஸ்டோட்டையும் இறக்கினார்கள். இவை மோப்பம் பிடித்து வேட்டையாடுபவை. காகபோவின் உடம்பிலோ எளிதில் காட்டிக்கொடுக்கும் ஒரு வாசனை உண்டு. அசையாமல் நிற்பது, கொல்ல வருபவனுக்கு வசதியாகிப்போனது.

ரிச்சர்ட் ஹென்றி என்பவர் 1894-இல் ரெசல்யூஷன் தீவின் காவலராகி, நூற்றுக்கணக்கான காகபோக்களையும் கிவிகளையும் பிடித்துக் கொண்டுபோய் அங்கே விட்டார். 1900-இல் ஸ்டோட் அந்தத் தீவிலும் தென்பட்டது. கடலை நீந்தியே கடந்திருந்தது.

இந்தப் பறவையின் காதல் வாழ்க்கையும் சிக்கலானது. ரிமு மரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். பெரும்பாலும் அந்த ஆண்டில்தான் காகபோ முட்டையிடும். ஆண்கள் மேடான இடமாகப் பார்த்துக் குழி பறித்து, வரும் வழியையும் துப்புரவாக வைத்திருக்கும். குழியில் அமர்ந்து, நெஞ்சைக் காற்றால் உப்பவைத்து அடித்தொண்டையில் முழங்கும். ஒலி பல கிலோமீட்டர் போகும். ஓர் இரவில் எட்டு மணி நேரம்கூட நீளும் இந்த முழக்கம், மாதக்கணக்கில் தொடரும். பெண் வந்து தனக்குப் பிடித்த ஆணைத் தேர்ந்தெடுக்கும், இணைந்தபின் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண்ணின் பாடு. ஆண் குழியைவிட்டு எட்டிக்கூடப் பார்க்காது!

1970-களில் பெருநிலத்தில் கிடைத்தவை எல்லாமே ஆண்கள். 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது; 1980-இல் பெண்களும் தென்பட்டன. அங்கே பூனைகள் வேட்டையாடத் தொடங்கவே, எஞ்சியவற்றை எதிரிகள் இல்லாத சிறு தீவுகளுக்கு மாற்றினார்கள். 1995-இல் மிஞ்சியது 51 மட்டுமே.

முட்டையிடத் தெம்பு வரட்டும் என்று பெண்களுக்குக் கூடுதல் உணவு வைத்தார்கள். நல்லெண்ணம்தான், விளைவு வேறு. கொழுத்த தாய்க்குப் பிறந்தவை பெரும்பாலும் ஆண்குஞ்சுகள். திடமான ஆண் பல பெண்களைக் கவர முடியும் என்பதால், வலுவான தாய் ஆணைப் பெறுவதில் இயற்கைக்கு லாபம் உண்டு. பெண்கள் பற்றாக்குறையான இனத்துக்கோ அது ஆபத்து. பிறகு தாய்களை எடைபோட்டு அளவாக உணவு கொடுத்தார்கள். 2002-இல் ஒரே பருவத்தில் எண்ணிக்கை 62-லிருந்து 86 ஆனது. என்னைக் கேட்டால், காகபோ மீட்பின் உண்மையான திருப்பம் இதுதான்.

ஆனாலும் எல்லாமே நெருங்கிய சொந்தங்கள். இட்ட முட்டைகளில் பல பொரிப்பதில்லை. பெருநிலத்து வம்சத்தில் கடைசியாக மிஞ்சிய ஆணுக்கு அந்தப் பழைய காவலரின் பெயரையே வைத்திருந்தார்கள். 1998-இல் மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையாகி, 2010-இல் இறந்தது அந்தக் கிழப்பறவை. அந்த மூன்றின் வழியாகத்தான் இனத்தில் கொஞ்சம் புது ரத்தம் ஓடுகிறது.

2022-இல் எண்ணிக்கை 252-ஐத் தொட்டது. 2023-இல் மௌங்கடௌடாரி என்ற வேலியிட்ட மலைக்காட்டில் சில பறவைகளை விட்டுப்பார்த்தார்கள். அவற்றில் சில அந்த வேலியையும் தாண்டி வெளியேறின. முதுகில் கட்டியிருந்த டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம், இதே காட்டின் இன்னொரு இரவாடியான கிவி.